நாற்பத்தேழு பாகை

பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது.
காய்ச்சலின் கணக்கு அல்ல,
றப்பருக்கு அடியிலிருக்கும் ஸ்பொஞ்சின் கடினம்.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
பழைய மட்டையில் நகம் புதையும்;
இதில் நகம்தான் வளைந்தது.

டோகாவிலிருந்து மச்சான் அனுப்பியது.
ஐந்து தட்டு மரம், இடையில் இரண்டு தட்டு காபன்.
விரலால் சுண்டினால்
பல்லில் கரண்டி பட்ட சத்தம்.
பழைய மரம் அப்படியில்லை. மெதுமரம்.
பந்து வந்தால் கொஞ்சம் யோசிக்கும்,
உள்ளே இழுத்து, என் பிழையைத் தடவிப் பார்த்து
பாதியைத் திருத்தி அனுப்பும்.
அந்த யோசனைக்குள்தான்
பதினெட்டு வருசம் நான் ஒளிந்திருந்தேன்.

கல்லடி மண்டபத்தில்
வாடைக்காற்றுக்குப் பயந்து யன்னலெல்லாம் பூட்டு.
பந்து அலையுமென்று மின்விசிறியும் இல்லை.
சுவரே வியர்த்தது.
எதிரே காத்தான்குடி நுஸ்கியா, பாங்கில் காசாளர்,
மட்டை விளிம்பில் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள்,
அவளுடைய றப்பர் பளபளப்புச் செத்து
பழைய செருப்பின் உள்பக்கம் மாதிரி.
அடிக்க மாட்டாள். நோட்டு எண்ணுவதைப் போல
ஒன்று, ஒன்று, ஒன்று என்று திருப்பித் தருவாள்.

முதல் செற் பதினொன்று நாலு.
மெல்லத் தொட்டேன், வலை.
இன்னும் மெல்லத் தொட்டேன், அதே வலை.
சும்மா மட்டையை நீட்டினால்
பந்து மேசையைத் தாண்டி
மடித்துவைத்த கதிரைகளுக்குள் போய் விழுந்தது.
கையில் ஒரு செய்தியும் வரவில்லை.
சுவரோடு கதைத்த மாதிரி.

இரண்டாவதும் போனது. பையைத் திறந்து
பழையதை எடுக்கக் கை போட்டேன்.
நடுவர் பல்த்தசார் தலையாட்டினார்:
"உடைஞ்சாத்தான் மாத்தலாம், மிஸ்."
மேசை விளிம்பு பக்கத்தில்தான் இருந்தது.
ஓங்கி ஒன்று போட்டால் போதும்.
யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன்,
தண்ணீர் குடித்து முடியும்வரை யோசித்தேன்.
மச்சான் விலையைக் கேட்டால் சொல்லாமல் சிரித்த சிரிப்பு
ஞாபகம் வந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவதில், மூன்றுக்கு ஆறு நிற்கும்போது,
உயர்ந்து வந்தது ஒரு பந்து.
கணக்குப் பார்க்கவில்லை. கோபம்.
இடுப்பிலிருந்து தூக்கி, தோள் முடியும்வரை
முழுசாக வீசினேன்.
அப்போதுதான் அந்தக் கல் வாய் திறந்தது.
பந்தைக் கவ்வியதை உள்ளங்கை கண்டது,
ஒரு இமைப்பு, அவ்வளவுதான்.
மறுகா அது வளைந்து, விளிம்பில் குத்தி,
நுஸ்கியாவின் முழங்கைக்குக் கீழால் ஓடியது.
"என்னகா அது?"
"தெரியா."
உண்மையாகவே தெரியா.

பதினொன்று ஒன்பது. எனக்கு.

நாலாவதில் ஈரம் ஏறியது.
றப்பரில் பனி படிந்தால் பந்து பிடிபடாது, வழுக்கும்;
ஊதி ஊதிச் சட்டையில் துடைத்தேன்.
எட்டுக்கு எட்டு வரை இழுத்தேன்.
அந்த இடத்தில் பழைய பயம்
பேருந்துத் தரிப்பிடத்தில் காத்திருந்த சொந்தக்காரி போல ஏறி
பக்கத்தில் உட்கார்ந்தது.
வீச்சைப் பாதியில் நிறுத்தினேன், மூன்று தரம்.
மெதுமட்டை மன்னித்திருக்கும்.
இது மூன்று தரமும் நான் செய்ததையே
அப்படியே செய்துகாட்டியது.

கைகுலுக்கிவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்,
மருதாணி நகத்தால் அழுத்தினாள்.
"நல்ல சாமான். எனக்குச் சரிவராது.
நான் வாறதத் திருப்பிக் குடுக்கிற ஆள்."
கொஞ்சம் நிறுத்தி,
"அந்த ஒரு பந்து மட்டும் இனி அடிக்காதகா."

களுவாஞ்சிகுடி பஸ்ஸில் மடியில் இரண்டு மட்டைகள்,
ஒன்றின்மேல் ஒன்று, நடுவில் துவாய்.

திங்கட்கிழமை மருந்தகத்தில் வரிசை வாசல்வரை.
அரை மாத்திரைக்காரர் வந்தார்.
வழமையாகப் பெருவிரலால் உடைப்பேன்.
அன்று நகக்கண் எரிந்தது,
கத்தி தேடினேன்.